என் மாணவர்களிடமே ஆய்வு செய்தேன். இப்போது என்ன செய்வது?

வாசகர் கடிதம், சுருக்கமாக:

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எய்டட் பள்ளி ஒன்றில் தமிழ்வழி யு.பி. (5 முதல் 7ஆம் வகுப்பு வரையிலான உயர் தொடக்க நிலை) வகுப்புகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியை எழுதியிருக்கிறார். கல்வியியலில் பகுதிநேர பிஎச்.டி. பதிவு செய்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. தமிழ்வழிப் பிள்ளைகளின் வீட்டுச் சூழல் அவர்கள் படிப்பை எப்படிப் பாதிக்கிறது, மலையாளவழிப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பது ஆய்வுப் பொருள். தன் பள்ளியிலும் பக்கத்து இரண்டு பள்ளிகளிலும் 5 முதல் 7ஆம் வகுப்பு வரை படிக்கும் 118 பிள்ளைகளிடம் வினாநிரல் நிரப்பி வாங்கியிருக்கிறார். ‘என் வீடு’ என்ற தலைப்பில் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார். இருபது பிள்ளைகளின் பேச்சைத் தன் கைப்பேசியில் பதிவு செய்திருக்கிறார். தலைமை ஆசிரியர்களின் எழுத்துப்பூர்வ அனுமதி இருக்கிறது. பெற்றோரைக் கேட்கவில்லை. “நான் அவர்களுடைய டீச்சர்தானே என்று நினைத்தேன்” என்கிறார்.

இப்போது மூன்று சிக்கல்கள். கட்டுரையை அனுப்பிய ஆய்விதழ், அறநெறிக் குழுவின் ஒப்புதலும் பெற்றோரின் சம்மதமும் எங்கே என்று கேட்கிறது. பழைய தேதியிட்டுக் கையெழுத்து வாங்கிவிடலாம் என்கிறார் உடன் ஆய்வு செய்யும் நண்பர். இரண்டாவது, எதிர்பார்த்த வேறுபாடு கணக்கில் வரவில்லை; ஆண்டின் நடுவில் பள்ளியை விட்டுப் போன 11 பிள்ளைகளை நீக்கிவிட்டு வேறு வேறு விதமாக ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார் நெறியாளர். மூன்றாவது, ஒரு சிறுமி ‘என் வீடு’ தாளில் எழுதிய சில வரிகள். உறவினர் ஒருவரைப் பற்றியவை. எழுதுவதை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருந்ததால், என்ன செய்வதென்று தெரியாமல் தவிப்பதாக எழுதியிருக்கிறார்.

அன்புள்ள டீச்சர்,

நீங்கள் மூன்றாவதாக வைத்ததை நான் முதலாவதாக எடுக்கிறேன். அந்தப் பகுதிக்கான பதிலை உங்கள் கடிதம் வந்த அன்றே தனியாக அனுப்பிவிட்டேன். இதே நிலையில் வேறு ஆசிரியர்களும் இருக்கக்கூடும் என்பதால் இங்கும் எழுதுகிறேன். சிறுமி எழுதிய வரிகளை வெளியிடப் போவதில்லை. அடையாளம் தெரியாதிருக்க உங்கள் கடிதத்தின் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

சிறுமியின் தாள்

உங்கள் வாக்கு இங்கே உங்களைக் கட்டுப்படுத்தாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பிரிவு 19: குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்திருக்கிறது என்று அறிந்தவர் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிந்தும் தெரிவிக்காவிட்டால் பிரிவு 21இன்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. ஆய்வாளர் என்பதற்கோ, ரகசியம் காப்பதாகச் சொன்னேன் என்பதற்கோ விலக்கு கிடையாது. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மீது வழக்குத் தொடுக்க முடியாது என்பதையும் அதே பிரிவு 19 சொல்கிறது.

“நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் ஒரு குடும்பமே சிதைந்துவிடுமே” என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் நிரூபிப்பது உங்கள் வேலை இல்லை. உங்களிடம் இருப்பது அச்சம். அதைச் சொல்வதோடு உங்கள் கடமை நிறைவேறுகிறது. அந்தப் பிள்ளையைத் தனியே அழைத்துக் குடைந்து குடைந்து கேட்காதீர்கள். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அவள் மீண்டும் அதற்குள் போய் வருகிறாள். பிறகு முறையாக வாக்குமூலம் எடுப்பவர்களின் வேலையும் கெடுகிறது. “நீ எழுதியதைப் படித்தேன். நீ எந்தத் தப்பும் செய்யவில்லை. உனக்கு உதவக்கூடியவர்களிடம் நான் சொல்ல வேண்டியிருக்கிறது” என்று மட்டும் அவளிடம் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசுங்கள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் உதவியைக் கேளுங்கள், காவல் துறைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தலைமை ஆசிரியரிடமும் சொல்லலாம், ஆனால் அவரிடம் சொல்லிவிட்டேன் என்று இருந்துவிட முடியாது. மூலத் தாளை அப்படியே பாதுகாத்து வையுங்கள். உங்கள் ஆய்வேட்டில் அந்தத் தாளைப் பற்றி ஒரு வரிகூட வரக்கூடாது.

இனி எந்தப் பிள்ளையிடமும் “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று முழு வாக்காகக் கொடுக்காதீர்கள். “நீ சொல்வதை மற்றவர்களிடம் சொல்லமாட்டேன், ஆனால் உனக்கு ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால் சொல்லியே ஆக வேண்டும்” என்பதுதான் நேர்மையான வாக்கு. இதைத் தொடக்கத்திலேயே சொன்னால் சில பிள்ளைகள் சிலவற்றைச் சொல்லாமல் இருக்கலாம். ஆய்வுக்கு அது இழப்பு என்றால் இழப்பாகவே இருக்கட்டும்.

தலைமை ஆசிரியரின் அனுமதி சம்மதம் ஆகாது

தலைமை ஆசிரியரின் கடிதம் பள்ளிக்குள் நுழைய உங்களுக்குக் கிடைத்த அனுமதி. பெற்றோரின் சம்மதம் வேறு. பிள்ளையின் இசைவு இன்னொன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகள் 7 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளிடம் வாய்மொழியாகவும், 12 முதல் 18 வரையுள்ளவர்களிடம் எழுத்திலும் இசைவு பெறச் சொல்கின்றன. இது பெற்றோரின் சம்மதத்துக்கு மேலதிகமானது. “அது மருத்துவர்களுக்குத்தானே” என்று கேட்பீர்கள். உடல்நலம் சார்ந்த ஆய்வுகளுக்கான நெறிமுறை என்பது உண்மைதான். ஆனால் நலம் சார்ந்த சமூகவியல், நடத்தையியல் ஆய்வுகளும் அதில் அடங்கும். நீங்கள் கேட்டிருப்பதோ வீட்டில் குடிப்பழக்கம், அடி, பசி பற்றி. கல்வியியல் ஆய்வுக்கென்று தனிச் சட்டம் இல்லாவிட்டாலும் இவற்றை எல்லைக்கு வெளியே நிறுத்த முடியாது. பிஎச்.டி. முன்பாடத்தில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கட்டாயமாக்கிய ஆராய்ச்சி, வெளியீட்டு அறநெறிப் பாடத்தை நீங்களும் படித்திருப்பீர்கள். அது கருத்துத் திருட்டோடு முடிகிற விஷயம் இல்லை.

அமெரிக்காவில் டஸ்கிகி என்ற ஊரில் 1932 முதல் 1972 வரை, ஏழைக் கறுப்பின ஆண்களின் சிபிலிஸ் நோய் எப்படி முற்றுகிறது என்று ‘கவனித்துக்கொண்டே’ இருந்தார்கள். பென்சிலின் வந்த பிறகும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. அந்த அதிர்ச்சியின் தொடர்ச்சியாக 1979இல் வெளியான பெல்மான்ட் அறிக்கை மூன்று கொள்கைகளை வைத்தது: மனிதரை மதித்தல், தீங்கு குறைத்து நன்மை கூட்டல், நீதி. உங்கள் வினாநிரலை அதோடு சமன்படுத்தவில்லை. ‘எளிதில் கிடைக்கிறவர்கள்’ என்பதாலேயே சிலரிடம் மீண்டும் மீண்டும் போய் ஆய்வு செய்வதைத்தான் அந்த மூன்றாவது கொள்கை கேள்வி கேட்கிறது. உங்கள் வகுப்பும் உங்களுக்கு எளிதில் கிடைத்ததுதான்.

இந்த அறநெறிக் குறைதான் உங்கள் முறையியல் குறையும். இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பதுதான் உங்கள் கடிதம் முழுவதும் ஓடும் தவறான எண்ணம். “எழுதத் தயக்கமாக இருந்தால் எழுத வேண்டாம் என்று சொன்னேன், எல்லோரும் எழுதினார்கள்” என்கிறீர்கள். அரையாண்டுத் தேர்வுக்கு மதிப்பெண் போடப்போகும் டீச்சர் வகுப்பில் நின்றுகொண்டு சொன்னால் எந்தப் பிள்ளை எழுதாமல் இருக்கும்? மறுக்க முடியாதவர் கொடுத்தது சம்மதம் இல்லை. மறுக்க முடியாதவர் எழுதிய பதிலும் நம்பத்தக்க தரவு இல்லை.

உங்கள் கடிதத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 14ஆவது கேள்வி: ‘உன் அப்பா குடிப்பாரா? ஆம் / இல்லை.’ ஒரு பையன் ‘ஆம்’ என்பதில் போட்ட டிக்கை அழித்தான், ‘இல்லை’ என்பதில் போட்டான், அதையும் அழித்தான், கடைசியில் தாள் அந்த இடத்தில் கிழிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் பக்கத்தில் இருந்தவன் எட்டிப் பார்த்தான் என்றும். கள் இறக்கும் தோப்புகள் நிறைந்த பகுதி உங்களுடையது. அந்தப் பையனின் அப்பா மரமேறுபவராகக்கூட இருக்கலாம். அவனுக்கு அந்தக் கேள்வி குற்றச்சாட்டாகவே கேட்டிருக்கும். நீங்கள் அந்தத் தாளை ‘விடை இல்லை’ என்று கணக்கில் ஏற்றியிருக்கிறீர்கள். 118 தாள்களிலும் மிகத் தெளிவாகப் பதில் சொன்னது அந்தக் கிழிந்த தாள்தான் என்பது என் கருத்து.

பழைய தேதியில் கையெழுத்து

செய்யவே கூடாது. ஒப்புதல் வாங்காதது குறை. அதை ஒத்துக்கொண்டால் திருத்தலாம். தேதியை மாற்றி வாங்குவது பொய்யான ஆவணம் உருவாக்குவது; பட்டம் பெற்று எத்தனை ஆண்டு கழித்துத் தெரியவந்தாலும் பட்டமும் வேலையும் ஆட்டம் காணும். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களிடம் “இங்கே ஒரு கையெழுத்து” என்றால் போட்டுவிடுவார்கள். ரேஷன் கடை, வங்கி, பஞ்சாயத்து என்று எல்லா இடத்திலும் அப்படித்தான் போட்டுப் பழகியிருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் இன்னொருவராக அவர்கள் பிள்ளையின் ஆசிரியை இருக்க வேண்டாம்.

சேகரித்ததை என்ன செய்வது? மூன்று வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் கைவிட்டுப் புதிதாகத் தொடங்குவது முதல் வழி. நடந்ததை உள்ளபடி பல்கலைக்கழகத்தின் அறநெறிக் குழுவிடம் எழுதி, ஏற்கெனவே உள்ள தாள்களை வைத்துக்கொள்ளப் பெற்றோரிடம் இன்றைய தேதியில் சம்மதம் கேட்கலாமா என்று அனுமதி கோருவது இரண்டாவது. பள்ளி அளவிலான பெயரில்லாத எண்ணிக்கைகளை மட்டும் பயன்படுத்துவது மூன்றாவது. முடிந்துபோன சேகரிப்புக்குப் பின்னோக்கி ஒப்புதல் தரக் குழுக்கள் பொதுவாக முன்வருவதில்லை. அதனால் இரண்டாவது வழியை மட்டும் நம்பியிருக்காதீர்கள். குழுவுக்கு உண்மையை எழுதிவிட்டு, அது அனுமதித்தால் இதுவரை செய்ததை முன்னோட்டமாகக் கொண்டு, வடிவமைப்பைத் திருத்தி மறுபடி களத்துக்குப் போகச் சொல்வேன்.

காலம் போதாது என்கிறீர்கள். யுஜிசியின் 2022 விதிகள்படி பிஎச்.டி.க்கு ஆறு ஆண்டுகள். மறுபதிவு மூலம் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கலாம். பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டு சலுகை உண்டு. நீங்கள் எந்த விதிகளின் கீழ் பதிவு செய்தீர்கள் என்பதைப் பல்கலைக்கழகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். நான்காம் ஆண்டில் நிற்கும் உங்களுக்கு வழி இன்னும் அடைபடவில்லை.

மறுபடி போகும்போது

உங்கள் வகுப்பை விட்டுவிடுங்கள். நீங்கள் மதிப்பெண் போடாத பள்ளிகளில் செய்யுங்கள். உங்கள் பள்ளி கட்டாயம் வேண்டுமென்றால் சம்மதம் கேட்பதும் தாள் வாங்குவதும் வேறொருவராக இருக்கட்டும். யார் சேர்ந்தார்கள், யார் மறுத்தார்கள் என்பது ஆண்டு முடிவில் மதிப்பெண் போட்ட பிறகே உங்களுக்குத் தெரியட்டும். பி.டி.ஏ. (பெற்றோர்-ஆசிரியர் சங்கம்) கூட்டத்தில் கடிதத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாத பெற்றோருக்குப் பள்ளியைச் சாராத ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும். கடிதத்தைத் தமிழில் மட்டும் அடிக்காதீர்கள். உங்கள் பகுதியில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசி, தமிழ்வழியில் பிள்ளையைச் சேர்த்தவர்களும் உண்டு. அதனாலேயே ‘வீட்டில் பேசும் மொழி எது? ஒன்றைக் குறிக்கவும்’ என்ற உங்கள் கேள்வியும் சரியில்லை.

மலையாளவழிப் பள்ளிகளுக்காக உருவான சோதனைத் தாளை நீங்களே தமிழாக்கிப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். இன்னொருவர் அதைத் திரும்ப மலையாளத்தில் எழுதி, மூலத்தோடு ஒப்பிட வேண்டும். அதன்பின் நாலைந்து பிள்ளைகளை அருகில் உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்வியையும் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். இது செய்யாதவரை, மதிப்பெண் வேறுபாடு பிள்ளைகளுடையதா தாளுடையதா என்று யாராலும் சொல்ல முடியாது.

கைப்பேசியிலுள்ள பதிவுகள்: பிள்ளையின் பெயரும் வகுப்பும் கோப்பின் பெயராகவே இருக்கின்றன, அதே கைப்பேசியில் உங்கள் மகன் விளையாடுகிறான். இன்றே அவற்றைக் கடவுச்சொல் போட்ட தனிச் சேமிப்புக்கு மாற்றி, பெயருக்குப் பதில் எண் கொடுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட எல்லோரையும் குழந்தை என்றே கொண்டு, பெற்றோரின் சம்மதத்தைக் கேட்கிறது. ஆராய்ச்சிக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்தத் தரவை வைத்துக் குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக்கூடாது என்பது நிபந்தனைகளில் ஒன்று. அதாவது பேட்டியில் தெரிந்துகொண்டதை வைத்து ஒரு பிள்ளையை முன் பெஞ்சுக்கோ பின் பெஞ்சுக்கோ மாற்றினாலே அந்த விலக்கு கேள்விக்குள்ளாகும்.

ஊர்ப் பெயரை ‘எக்ஸ் பஞ்சாயத்து’ என்று மாற்றிவிட்டேன், போதாதா என்கிறீர்கள். போதாது. நியூயார்க் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றைக் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வுத் திட்டத்தில் பணியாற்றிய ஒருவரும் அவரோடு சேர்ந்து எழுதிய இன்னொருவரும் ‘ஸ்பிரிங்டேல்’ என்று பெயர் மாற்றி 1958இல் நூலாக வெளியிட்டார்கள். மனிதர்களின் பெயரையும் மாற்றியிருந்தார்கள். ஊரார் ஒரே வாசிப்பில் யார் யார் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். சுதந்திர தின ஊர்வலத்தில், நூலில் தங்களுக்குக் கொடுக்கப்பட்ட பொய்ப் பெயர்களை மாட்டிக்கொண்டு முகமூடியோடு வந்தார்கள். கடைசி வண்டி எருப் பரப்பும் வண்டி, அதில் எருவின் மேல் குனிந்த நிலையில் ஆய்வாளரின் உருவ பொம்மை. உங்கள் பகுதியில் தமிழ்வழி யு.பி. பள்ளிகள் எத்தனை? ‘7ஆம் வகுப்பு, பொள்ளாச்சிச் சந்தைக்குக் காய் ஏற்றும் வண்டி ஓட்டுநரின் மகள்’ என்று எழுதினால் பஸ் ஸ்டாப்பில் நிற்கும் எல்லோருக்கும் அவள் யாரென்று தெரியும். விவரங்களைச் சேர்த்துக் கலக்குங்கள், தேவையில்லாததை விட்டுவிடுங்கள்.

11 பிள்ளைகளும் ‘குறிப்பிடத்தக்க வேறுபாடும்’

நெறியாளரோடு மோத வேண்டியிருக்கும் இடம் இது. உங்கள் தலைப்பே வீட்டுச் சூழல் படிப்பைப் பாதிப்பது பற்றியது. பெற்றோர் வேலை தேடி இடம் பெயர்ந்ததால் நடுவில் போன 11 பேரும் அந்தக் கேள்விக்கு உயிருள்ள விடை. அவர்களை நீக்கினால் தங்கிப் படித்தவர்களைப் பற்றிய ஆய்வுதான் மிஞ்சும். அவர்கள் ஏன் போனார்கள், எங்கே போனார்கள் என்பதைத் தனி இயலாகவே எழுதலாம். அந்த இயலுக்காக இந்த ஆய்வு முழுவதும் பொறுத்துக்கொள்ளத் தக்கது என்பேன்.

‘வேறு வேறு விதமாக ஒப்பிட்டுப் பார்’ என்பதன் ஆபத்து எளிய கணக்கு. உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாத இடத்தில், ஒன்றையொன்று சாராத 20 ஒப்பீடுகளை 0.05 அளவில் (ஒவ்வொன்றும் தற்செயலாகவே ‘வேறுபாடு’ காட்ட 5 சதவீத வாய்ப்பு) செய்தால், ஒன்றாவது ‘குறிப்பிடத்தக்கதாக’ வரும் வாய்ப்பு ஏறத்தாழ 64 சதவீதம். ஆண்-பெண், வகுப்புவாரி, பள்ளிவாரி என்று பிரித்துக்கொண்டே போனால் ஏதோ ஒன்று கிடைக்கத்தான் செய்யும். அதைக் கண்டுபிடிப்பு என்று எழுதுவது வாசகரை ஏமாற்றுவது. தவிர, 118 பேர் என்றாலும் வந்தது மூன்றே பள்ளிகளிலிருந்து. ஒரே ஆசிரியர், ஒரே கட்டடம் என்று பகிர்ந்துகொள்ளும் பிள்ளைகள் தனித்தனி 118 சான்றுகள் ஆகமாட்டார்கள். தமிழ்வழி, மலையாளவழி என்று பிரியும் இடத்தில் வருமானமும் நிலமும் தந்தையின் தொழிலும் சேர்ந்தே பிரிகின்றன. பயிற்றுமொழியை மட்டும் தனியே உரித்து எடுக்க உங்கள் மாதிரி தாங்காது. வேறுபாடு இல்லை என்று வந்தால் இல்லை என்றே எழுதுங்கள். அதற்காக ஆய்வேட்டை நிராகரிக்க வேண்டியதில்லை.

நீங்கள் எழுதாத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஜூன் மாதத்தில் பள்ளி திறந்த ஆறாம் பணிநாளில் எடுக்கும் தலையெண்ணிக்கை குறைந்தால் டிவிஷன் (வகுப்புப் பிரிவு) போகும், டிவிஷன் போனால் பணியிடம் போகும். தமிழ்வழி வகுப்புகளுக்கு ஆதரவான முடிவு வருவதில் உங்களுக்கே நலன் இருக்கிறது. தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெறும் வசதியை மொழிச் சிறுபான்மையினருக்குச் செய்து தர வேண்டும் என்று அரசியலமைப்பின் 350அ பிரிவு சொல்லும் இடத்தில், 1956 மொழிவாரி மாநிலப் பிரிப்புக்குப் பின் எல்லைக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்ட தமிழ்ப் பிள்ளைகளுக்காக நீங்கள் கவலைப்படுவதை முழுமனதோடு மதிக்கிறேன். அதற்காகவே அந்த நலனை ஆய்வேட்டின் முறையியல் இயலில் வெளிப்படையாக எழுதுங்கள். எழுதாவிட்டால், உங்கள் முடிவு பிடிக்காத எவரும் முதலில் அதைத்தான் தோண்டி எடுப்பார்கள்.

நெறியாளரிடம் நேரில் பேசுங்கள், சண்டையாக அல்ல. “ஐயா, ஆய்விதழ் கேட்ட பிறகு அறநெறிக் குழுவுக்கு எழுத வேண்டியிருக்கிறது, 11 பேரையும் சேர்த்தும் நீக்கியும் இரண்டு கணக்கையும் காட்டிவிடலாம்” என்று தொடங்கலாம். பேசியதைச் சுருக்கி அன்று மாலையே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் உங்கள் ஆய்வு ஆலோசனைக் குழுவிடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை வைக்கும் வாய்ப்பு இருக்கிறது. அங்கே எழுத்தில் கேளுங்கள். ஆய்விதழிலிருந்து கட்டுரையை இப்போதே திரும்பப் பெறுங்கள், காரணத்தை மறைக்காமல். குழுவுக்கு அனுப்பும் விண்ணப்பத்தின் வரைவை எனக்கு அனுப்பினால் படித்துக் குறிப்பு எழுதித் தருகிறேன்; பிள்ளைகளின் பெயரோ தாள்களோ அதோடு வர வேண்டாம்.